லீவு எழுதுகிறவர்

எனக்குப் பிடிக்காத இங்கிலீசுச் சொல் ஒன்று உண்டென்றால் அது லீவு. இதைச் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளை முதல் பெரிய துரை வரை எல்லாரும் அந்தச் சொல்லுக்காகத்தானே உயிரை விடுகிறார்கள், உங்களுக்கு மட்டும் என்ன வந்தது என்கிறார்கள். அவர்கள் லீவு எடுத்தவர்கள். நான் லீவு எழுதினவன். திருகோணமலைத் துறைமுகத்து ஓரத்தில் இருந்த ஒரு அரசாங்கக் கந்தோரில் பதினாறு வருடம் இருந்தேன். யாருக்கு லீவு உண்டு, யாருக்கு இல்லை, யார் சொல்லாமல் வேலைக்கு வராமல் நின்றார் என்று பதிந்து வைப்பதுதான் அங்கே என் வேலை. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதரைத் தன் தகப்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவிடாமல் செய்தவனும் நான்தான். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

முதலில் சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது கட்டில், கதிரை, அலுமாரி என்று ஏராளமான சாமான்களை ஏலத்தில் விட்டார்கள். ஊர்ச் சனம் கதிரைக்கு அடிபட்டது. நான் ஒரு தடித்த அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு சொல்லும் எங்கே பிறந்தது, யாருக்கு உறவு, எப்படி உருமாறியது என்று சொல்லுகிற அகராதி அது. அன்றிலிருந்து எனக்குத் தலைக்கனம் பிடித்தது என்றுதான் சொல்லவேண்டும். கந்தோரில் யாராவது ஒரு சொல்லைச் சொன்னால் போதும், அதன் பூர்வீகத்தைச் சொல்லாமல் அவரை விடமாட்டேன். சிலர் என்னைக் கண்டால் தேத்தண்ணிக் கடைப் பக்கம் திரும்பிப் போனார்கள்.

அந்த அகராதியில் லீவுக்கு இரண்டு இடம் கொடுத்திருந்தார்கள். எழுத்தும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று, ஆனால் இரண்டும் வேறு வேறு சொற்கள், ஒட்டுமில்லை உறவுமில்லை. முதலாவது, அனுமதி. அதன் வேரைத் தோண்டிக்கொண்டு போனால், பிரியத்துக்கும் நம்பிக்கைக்கும் உள்ள இங்கிலீசுச் சொற்கள் அதற்கு ஒன்றுவிட்ட சகோதரங்கள். அதாவது, உனக்கு லீவு தருகிறேன் என்றால், உன்மேல் எனக்குப் பிரியம் உண்டு, உன்னை நம்புகிறேன், போய் வா என்று பொருள். போர்வீரனும் மாலுமியும் அதை மேலதிகாரியிடம் கேட்டுக் கேட்டு, பிரியமும் நம்பிக்கையும் தேய்ந்து, வேலைக்கு வராமல் நிற்கிற நாள் என்ற அர்த்தம் மட்டும் மிஞ்சியது.

இரண்டாவது, விட்டுப் போவது. அது ஆதியில் போவதைச் சொன்ன சொல்லே இல்லை. இருக்கவிடுவது, மிச்சம் வைப்பது என்பதுதான் அதன் முதல் பொருள். இறந்தவன் காணியை விட்டுப் போகிறான், சாப்பிட்டவன் சோற்றை மிச்சம் விடுகிறான். எதையோ பின்னால் விட்டவன் எப்படியும் முன்னால் போயிருப்பான்தானே, அதனால் மெல்ல மெல்லப் போவதும் அந்தச் சொல்லுக்குள் வந்துவிட்டது. உயிர்வாழ்வு என்பதற்கான இங்கிலீசுச் சொல்லும் அதே வேரில் கிளைத்ததாம். எஞ்சி இருப்பதுதானே உயிர்.

எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்ததும் அந்தச் சொல் இன்னும் கொழுத்தது. கப்பல்காரன் கரையில் இறங்கினால் ஷோர் லீவு. கந்தோரில் கஷுவல் லீவு, மெடிக்கல் லீவு, நோ பே லீவு, ஷோட் லீவு. பள்ளிக்கூடம் மூடினாலும் லீவு, கடை திறக்காவிட்டாலும் லீவு, கடல் கொந்தளித்து மீன் வராத நாளில் மீன்காரனுக்கும் லீவு. என் மனைவி கோபித்துக்கொண்டு அடுப்பு மூட்டாத நாளில் குசினிக்கு லீவு என்பாள். தமிழ் மட்டும் குறைந்ததா? விடு என்ற ஒரு சொல்லிலிருந்து விடுமுறை, விடுதலை, விடை எல்லாம் வந்தன. விடை பெற்றான் என்றால் அனுமதியும் அதில் இருக்கிறது, பிரிவும் அதில் இருக்கிறது. இங்கிலீசுக்காரனுக்கு இரண்டு சொல் தேவைப்பட்டதை நாங்கள் ஒன்றிலே முடித்துவிட்டோம் என்று நான் பீற்றிக்கொண்டு திரிந்தேன். கொழும்பிலிருந்து வந்த படிவங்களில் ஒரு வருடம் விடுமுறை என்று அடித்திருந்தது, அடுத்த வருடம் விடுப்பு என்று அடித்திருந்தது, அதற்கடுத்த வருடம் தமிழே வரவில்லை. அதற்கும் நான்தான் கடிதம் எழுதிச் சண்டை பிடித்தேன்.

இவ்வளவும் தெரிந்திருந்தது. என்ன பிரயோசனம்?

அந்த லீவுப் படிவத்தில் ஒரு கோடு உண்டு. லீவில் போகிறவரின் வேலையை யார் பார்ப்பது என்று எழுதி, அந்த ஆளின் ஒப்பமும் வாங்கவேண்டும். ஒப்பம் இல்லாவிட்டால் லீவு இல்லை. எங்கள் கந்தோரில் தமிழரும் முஸ்லிம்களும் ஏறக்குறைய பாதிப் பாதி இருந்தோம், நாலைந்து வேதக்காரரும், அதாவது கிறிஸ்தவர்களும், இருந்தார்கள். யாரும் எழுதி வைக்காத ஒரு ஒழுங்கு அங்கே இருந்தது. இரண்டு பெருநாளுக்கும் நாங்கள் முஸ்லிம்களுக்காக ஒப்பம் வைப்போம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவர்கள் எங்களுக்காக வைப்பார்கள். நத்தாருக்கு எல்லாருமாக வேதக்காரருக்கு வைப்போம். மறுநாள் மேசைக்கு மேசை பலகாரம் வரும். பெருநாளுக்கு அடுத்த நாள் வட்டிலப்பம் வராவிட்டால் நான் கேட்டே வாங்குவேன். இப்படி வருடக்கணக்காக ஒப்பம் வைத்து, வட்டிலப்பம் சாப்பிட்டு, அவர்களை எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

எனக்கு வட்டிலப்பம் கொண்டுவருகிறவர் எதிர் மேசைக்காரர். மூதூர் ஆள். என்னைவிட நாலைந்து வயது இளையவர், என்னை அண்ணன் என்பார், நான் அவரைத் தம்பி என்பேன். கிழமை நாட்களில் நகரத்தில் ஒரு அறையில் தங்கியிருந்து, கிழமை முடிவில் லாஞ்சியில் குடாவைக் கடந்து வீட்டுக்குப் போவார். வீட்டுக்கு மூத்த பிள்ளை, ஒரே மகன். வயலும் இரண்டு எருமையும் வைத்திருந்த அவருடைய வாப்பா மகன் கையில் எனக்கும் சேர்த்துத் தயிர்ச் சட்டி கொடுத்து விடுவார். அந்த மனிதரை நான் கண்டதே இல்லை. அவர் தயிரைச் சாப்பிட்டிருக்கிறேன், அவ்வளவுதான். நான் சொல்லவந்த வருடம் அவருக்குச் சுகமில்லை, நெஞ்சில் தண்ணி கட்டியிருக்கிறது என்று வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எதிர் மேசைக்காரருடைய வேலை அப்போது தற்காலிகம். நிரந்தரமாக்குவதற்கான கடிதங்கள் பெரியவரின் மேசையில் கிடந்தன. கந்தோருக்குப் பொறுப்பானவரை நாங்கள் பெரியவர் என்றுதான் சொல்வோம். தற்காலிகக்காரன் ஒரு நாள் அனுமதியில்லாமல் நின்றாலும் சேவை முறிவு என்று எழுதிவிடலாம். அப்படி எழுதினால் அத்தனை வருடச் சேவையும் போய்விடும், திரும்பவும் முதலாம் நாளிலிருந்து தொடங்கவேண்டும். எழுதுகிறவன் நான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தக் கந்தோரில் பூசாரி நான்தான்.

என் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. இது நடப்பதற்கு முந்திய மாதம் தம்பலகாமத்து ஆள் ஒருவர் வயல் வேலைக்கென்று சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். நான் கண்டும் காணாமல் விட்டேன். அன்றைக்குப் பார்த்து மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து அந்த ஆளைத் தேட, பெரியவர் என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். எனக்குப் பெரிய அவமானம். இனி என் கையெழுத்துக்குக் கீழே பெரியவரின் கையெழுத்து விழாமல் ஒருவனும் வாசலைத் தாண்டக்கூடாது என்று அன்றைக்கே சபதம் எடுத்தேன். சபதம் எடுக்கிறவனைக் கண்டால் இப்போது எனக்குப் பயம்.

மழைக்காலம். வியாழக்கிழமை. ஒன்பது மணிக்குச் சற்று முன்னால், நனைந்த சாரத்தோடு ஒருவர் கந்தோர் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை, நிலத்தில் தண்ணீர் சொட்டும் என்று வெளியிலேயே நின்றார். எதிர் மேசைக்காரரின் தங்கையைக் கட்டினவர். விடியற்காலை முதல் லாஞ்சியில் மூதூரிலிருந்து வந்திருக்கிறார். எதிர் மேசைக்காரர் எழும்பிப் போய் அவரோடு இரண்டு நிமிடம் கதைத்தார். திரும்பி வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"வாப்பா மௌத்தாகிட்டாராம், அண்ணன். சுபஹு தொழுற நேரம், விடிய."

நான் எழும்பி அவருடைய கையைப் பிடித்தேன். அதெல்லாம் செய்தேன். உட்காரச் சொன்னேன், தண்ணீர் எடுப்பித்தேன். பிறகு லாச்சியைத் திறந்து படிவத்தை எடுத்தேன்.

பெரியவர் கந்தோரில் இல்லை. குடாவுக்குள் நங்கூரமிட்டிருந்த ஒரு கப்பலைப் பார்க்க விடியவே போய்விட்டார். எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. படிவத்தைப் பிறகு நிரப்பலாம், நீங்கள் ஓடுங்கோ தம்பி என்று சொல்வதற்கு எனக்கு ஒரு நிமிடம் போதும். நான் சொல்லவில்லை. பேனையைத் திறந்தேன். வேலையை யார் பார்ப்பது என்ற கோட்டில் என் பெயரையே எழுதி நானே ஒப்பம் வைத்தேன். பெரிய உபகாரம் செய்கிற நினைப்பு. காரணம் என்ற இடத்தில் 'டெத்' என்று எழுதப் போனவன் நின்றேன். அது பச்சையாக இருக்கிறது என்று பட்டது. துரைமார் பாவிக்கிற 'டிமைஸ்' என்ற சொல்லை அழகாக, சரிவெழுத்தில் எழுதினேன். எழுதிவிட்டு அதை ஒருமுறை பார்க்கவும் பார்த்தேன்.

வாசலில் நின்றவர், "லாஞ்சி பத்துக்கு, ஐயா" என்றார்.

"பெரியவர் ஒப்பம் வைக்காமல் விட ஏலாதே" என்றேன். "தம்பிக்கு நிரந்தரக் கடிதம் வரப்போற நேரம். இப்ப ஒரு பிழை வந்தால் எல்லாம் நாசமாய்ப் போயிடும். பின்னேரமும் லாஞ்சி இருக்குத்தானே."

எதிர் மேசைக்காரர் மெல்லச் சொன்னார். "எங்கட ஆக்கள் வெச்சிருக்க மாட்டாங்க, அண்ணன். லுஹரோட எடுத்திருவாங்க."

லுஹர் அவர்களுடைய மத்தியானத் தொழுகை. அது எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்கு அவர் கை கால் கழுவப் போவதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். சொன்னவரும் விளங்கத்தான் சொன்னார். ஆனால் அந்த நேரத்தில் என் கண்ணுக்கு முன்னால் நின்றது என் அப்பாவின் செத்தவீடு. என் அண்ணன் கொழும்பிலிருந்து மெயில் ரயிலில் வந்து சேரும்வரை இரண்டு நாள் அப்பாவை வைத்திருந்தோம். தலைப்பிள்ளை வந்து கொள்ளி வைக்காமல் எடுக்கிறதா? அப்படி ஒன்று உலகத்தில் நடக்கும் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

"என்ன கதை கதைக்கிறீங்கள், தம்பி?" என்றேன். "மூத்த மகன் நீங்கள். நீங்கள் வராமல் எடுப்பினமே? பதறாத காரியம் சிதறாது. பெரியவர் வந்த உடனே ஒப்பம் வாங்கித் தாறன்." வாசலில் நின்றவரிடம் திரும்பினேன். "நீங்கள் போய்ச் சொல்லுங்கோ, பின்னேரம் வருவார் எண்டு. அதுவரைக்கும் வைச்சிருக்கச் சொல்லுங்கோ."

வைத்திருக்கச் சொல்லுங்கோ! ஒரு முஸ்லிம் வீட்டு மையித்தை வைத்திருக்கச் சொல்லி உத்தரவு போட்ட மகாராசா நான். அந்த மனிதர் என்னைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். மச்சான் நிலத்தைப் பார்த்தார். எத்தனை வருடம் படித்து, பரீட்சை எழுதி, யார் யார் காலிலோ விழுந்து கிடைத்த வேலை. வீட்டில் இனி அவர் ஒருவருடைய உழைப்புத்தான். அவருடைய தலைக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. நான் அவரை அப்படி ஒரு இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன் என்பது மட்டும் தெரியும். "நீங்க போங்க, மச்சான்" என்றார். நனைந்த மனிதர் போய்விட்டார்.

கந்தோருக்கும் இறங்குதுறைக்கும் நடுவில் ஒரு றோட்டுத்தான். பத்து மணிக்கு லாஞ்சி ஊதினது எங்களுக்குக் கேட்டது. எதிர் மேசைக்காரர் தன் கதிரைக்குப் போய் உட்கார்ந்து, முதல் நாள் பாதியில் விட்ட கடிதத்தைத் தட்டெழுத்தில் அடிக்கத் தொடங்கினார். அழவில்லை. அடித்துக்கொண்டே இருந்தார். இடையிடையே வாசலைப் பார்த்தார். எனக்கு அந்தச் சத்தம் தாங்கமுடியவில்லை. போய், கொஞ்சம் சும்மா இருங்கோவன் தம்பி என்றுகூடச் சொன்னேன். சொல்லவேண்டியதைச் சொல்லாமல் இதைச் சொன்னேன்.

பதினொன்றரைக்குப் பெரியவர் வந்தார். மழைக் கோட்டைக் கழற்றுவதற்கு முன்னமே படிவத்தை நீட்டினேன். நின்ற நிலையில் வாசித்தார். என் அழகான 'டிமைஸ்' அவர் கண்ணில் பட்டதோ தெரியாது. சுவரோடு வைத்து ஒப்பம் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுக்கா என்னைப் பாத்துக்கொண்டு இருந்தனீர்? தகப்பன் செத்த மனிசனை மறிச்சு வைச்சிருந்தனீரா? உடனே அனுப்பியிருக்கலாமே."

அதுதான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிற இடம். முந்திய மாதம் எழுத்தில் விளக்கம் கேட்டவரும் இவர்தான், இன்றைக்கு அனுப்பியிருக்கலாமே என்கிறவரும் இவர்தான். எதை நம்பி ஒருவன் வேலை செய்வது? அவரோடு வாதாட வாய் வரை வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. பெரியவருக்கே தெரிந்த ஒன்று பூசாரிக்குத் தெரியவில்லை.

பின்னேர லாஞ்சி மூன்று மணிக்கு. தரை வழியாகப் போவதென்றால் கிண்ணியாவிலும் அதற்கு அப்பாலும் ஆறுகளைப் பாதையில், அதுதான் எங்கள் ஊரில் மிதவைக்குப் பெயர், கடக்கவேண்டும். மழைக்கு அந்தப் பாதைகளும் ஓடவில்லை. எதிர் மேசைக்காரர் இறங்குதுறையிலேயே போய் இருந்தார். நான் குடையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டாம் அண்ணன் என்றார். கட்டாயப்படுத்தி வைத்துவிட்டு வந்தேன். லாஞ்சி அன்றைக்கு நேரத்துக்கே போனது.

மறுநாள் மூதூர்ப் பக்கமிருந்து சந்தைக்கு வந்த ஒருவரைப் பிடித்து விசாரித்தேன். லுஹர் தொழுகை முடிந்த கையோடு அடக்கிவிட்டார்களாம். மகன் போய்ச் சேர்ந்தபோது மண்ணும் காய்ந்திருக்கும் என்றார், பிறகு, மழை பெய்ததுதானே, காய்ந்திருக்காது என்று தன்னையே திருத்திக்கொண்டார். நான் கந்தோருக்குத் திரும்பி வந்து எனக்குள் நியாயம் தேடினேன். குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி முகத்தையும் மூடியிருப்பார்கள், பத்து மணி லாஞ்சியில் போயிருந்தாலும் அவர் ஒன்றும் கண்டிருக்கமாட்டார், என்னால் பெரிய நட்டம் ஒன்றும் வந்திருக்காது. மூன்று நாள் இதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். மனைவி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீங்கள் ஆருக்குச் சொல்லுறீங்கள்?" என்றாள். அவளோடும் சண்டை.

படிவத்தில் இரண்டு நாள்தான் எழுதியிருந்தேன். வியாழனும் வெள்ளியும். திங்கட்கிழமை அவர் வரவில்லை, செவ்வாயும் வரவில்லை. தற்காலிகக்காரர், அனுமதியில்லாத நாட்கள். புதன்கிழமை எனக்கு நானே லீவு எழுதிக்கொண்டு காலை லாஞ்சியில் ஏறினேன். துக்கம் விசாரிக்கப் போகிறவன் சட்டைப் பைக்குள் நிரப்பாத லீவுப் படிவத்தோடு போவானா? நான் போனேன். நாட்களைக் கூட்டி எழுதி அவரிடம் ஒப்பம் வாங்கி வந்தால் எல்லாம் ஒழுங்காகிவிடும் என்று என் எண்ணம். அதற்குமேல் எனக்கு வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

வீடு இறங்குதுறையிலிருந்து நடக்கிற தூரம். அன்றைக்கு நனைந்து வந்தவர்தான் வாசலில் நின்றார். முகத்தைச் சுளிக்காமல் உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டார். எதிர் மேசைக்காரர் வெள்ளைத் தொப்பியோடு வந்து எனக்கு முன்னால் இருந்தார். சவரம் செய்யாத முகம். காய்ச்சல், அதனால்தான் வர முடியவில்லை என்றார். மழையில் இறங்குதுறையில் இருந்த காய்ச்சல் என்று அவர் சொல்லவில்லை, நானே கணக்குப் பார்த்துக்கொண்டேன். தேத்தண்ணி வந்தது. நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. எல்லாரும் சொல்வதைத்தான் சொல்லியிருப்பேன்.

அறை வாசலில் ஒரு திரை தொங்கியது. அவருடைய உம்மா இத்தா இருந்தார். கணவன் இறந்தால் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கவேண்டிய காலம் அது. திரைக்குப் பின்னாலிருந்து அவருடைய குரல் கேட்டது.

"கந்தோர்ல இருந்தா வந்திரிக்கிறீங்க, மகன்?"

"ஓம், உம்மா" என்றேன்.

"அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்வான். இவ்வளவு தூரம் வந்திரிக்கிறீங்க." தொடர்ந்து சொன்னார். "லுஹருக்கு எடுக்கிற எண்டுதான் சொன்னாங்க. நான்தான் சண்டை பிடிச்சு, லாஞ்சி வரும் மட்டும் முகத்தை மூட விடல்ல. மகன் வந்து பாக்கட்டும் எண்டு தொறந்து வெச்சிருந்தம். லாஞ்சி வந்திச்சி. மருமகன் மட்டும் எறங்கி வந்தாரு. அதுக்குப் பொறகுதான் மூடினாங்க."

மூன்று நாள் நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த நியாயம் அந்த இடத்தில் முடிந்தது. எதிர் மேசைக்காரர், "உம்மா, போதும்" என்றார்.

"நான் கொறை சொல்லல்ல. அரசாங்க வேலை எண்டா அப்படித்தானே. உங்களுக்கிட்ட ஒரு விஷயம் கேக்கோணும், மகன். அங்க லீவு எழுதுறவர் ஒராள் இரிக்கிறாராமே. அவருக்கிட்ட நீங்க ஒரு சொல்லுச் சொல்லணும். இவருக்குக் காய்ச்சல், வேணுமெண்டு நிக்கல்ல. வாப்பாவும் போயிட்டாரு, இந்த வேலையும் போனா எங்களுக்கு வேற ஒண்டுமில்ல. கோவிக்க வேணாம் எண்டு அவருக்கிட்ட சொல்லுங்க."

அந்த ஆள் நான்தான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு ஒன்றுதான் வந்தது.

"அவர் ஒண்டும் செய்யமாட்டார், உம்மா. நான் பொறுப்பு."

"அவர் நல்ல மனிசரா?" என்று அந்தக் குரல் கேட்டது.

திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இனி நான் சொல்லமாட்டேன் என்று தெரிந்ததும் எதிர் மேசைக்காரர்தான் பதில் சொன்னார். என் பக்கம் திரும்பாமல், குனிந்து, என் கையிலிருந்த வெறும் கோப்பையை வாங்கிக்கொண்டு சொன்னார்.

"நல்ல மனிசர்தான், உம்மா. அவருக்குத் தெரியாது."